அறுபது ஓம்

வண்டி காலியாக வந்தது.
எல்லா வண்டிகளும் என்னிடம் காலியாகத்தான் வரும்.
அன்றுவரை அதை நான் யோசித்ததில்லை.

காக்கி புக்கிட், இரண்டாம் மாடி, கடைசிக்கு முந்திய ஷட்டர்.
ஸ்கேனரைச் செருகியதும் திரை முழுக்கப் புகார்:
எஞ்சின் சொல்கிறது, பிரேக்கைக் காணோம்.
பிரேக் சொல்கிறது, ஸ்டீரிங்கைக் காணோம்.
மீட்டர்ப்பலகை சொல்கிறது, ஒருவரையும் காணோம்.

ஏற்கெனவே மூன்று பட்டறை.
முதலாமவர் பேட்டரியை மாற்றினார்.
அடுத்தவர் ஏபிஎஸ் பெட்டியை மாற்றி
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி வாங்கினார்.
காணோம் காணோம் என்று நாலு பேர் சொன்னால்
காணாமல் போனவன் தலையில்தான் பழி.
மூன்றாமவர், மழை என்றாராம்.
இந்த ஊரில் மழைமேல் குற்றம் சொன்னால்
யார் மறுத்துப் பேசுவது?

பன்னீர்ச்செல்வி ஸ்டூலில் உட்காரவில்லை.
விடியற்காலை நாலரைக்கு, பிஐஇ-யில்,
தோ பாயோ வெளிவழிக்குச் சற்று முன்னால்
வண்டி செத்த கதையை நின்றபடியே சொன்னார்.
பின்னால் இருபது வாளி இட்லி மாவு.
இழுவை வண்டி வந்து சேர்வதற்குள்
மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி வழிந்ததாம்.
"மாவுக்கு ஃபால்ட் கோடு தெரியுமா தம்பி?"
அப்புறம், போகிற போக்கில்:
"திரும்பி வர்றப்ப ஒருநாளும் நின்னதில்ல."
ம் கொட்டினேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு
ஆறாம் ஊசி, பதினான்காம் ஊசி.
மல்டிமீட்டரில் அறுபது ஓம்.
இந்தக் கோடியில் நூற்றிருபது, அந்தக் கோடியில் நூற்றிருபது,
இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் அறுபது.
கம்பி நலம் என்று
அதைவிட ஒழுங்காக எதுவும் பொய் சொல்ல முடியாது.
டாஷ்போர்டுக்கடியில் தலைகீழாகக் கிடந்து
ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டினேன், அழுத்தினேன், திட்டினேன்.
அறுபது.

ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு கம்பிகள்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.
இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் சொல்.
இடைவெளி அற்றுப்போனால்
பத்துப் பெட்டிகளும் ஒரே நொடியில் ஊமை.

மூன்றாம் மணி நேரத்தில்தான்
அவர் சொன்னது என் காதுக்கு வந்து சேர்ந்தது.
திரும்பி வர்றப்ப.

"அக்கா, மாவு இருக்கா?"
"இப்ப எங்க இருக்கும்? எல்லாம் கடைக்குப் போயாச்சு."

டயர் கடை அஸ்ஹாரியைக் கூப்பிட்டேன்.
பெயின்ட் அடிக்கும் மொஃபிஸுல் முகமூடியோடு வந்தான்.
உதிரிப்பாகம் கொண்டுவந்த பையன், பெயர் கேட்கவில்லை.
எதிர் ஷட்டர் கெங் ஹுவாட்,
கோப்பி-ஓ பையைக் கீழே வைக்க மனமில்லாமல்.
பின்னால் ஏறி அந்தத் தட்டில் உட்காருங்கள்,
ஏன் என்று கேட்காதீர்கள் என்றேன்.
மொஃபிஸுல் கேட்டான்.

அஸ்ஹாரி. அறுபது.
மொஃபிஸுல். அறுபது.
பையன். எண் லேசாக நடுங்கி, நின்றது.
கெங் ஹுவாட் குனிந்து ஏறினார்,
ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுக்காமல்.
பூஜ்யம் புள்ளி நான்கு.

"யாரும் இறங்காதீங்க!"

தரைத்தகட்டுக்கடியில் டார்ச்சோடு நுழைந்தேன்.
தட்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்று
அரை அங்குலம் நீளம் கூடுதல்.
தகட்டைத் துளைத்து, கம்பிச்சுருளைத் துளைத்து,
இரண்டு செம்புக்கும் நடுவில் போய் நின்றிருந்தது.
காலியாக இருந்தால் யாரையும் தொடாது.
சுமை ஏறினால் தரை ஒரு மயிரிழை தாழும்.
அவ்வளவு போதும் அதற்கு.

"இந்தத் தட்டை யார் மாட்டியது?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"நான்தான். வீடியோ பாத்து."

பற்றவைத்தேன், உறை போட்டேன், குட்டைத் திருகு.
நால்வரையும் மறுபடி ஏற்றினேன்.
அஸ்ஹாரி ஒருமுறை குதித்துக்கூடப் பார்த்தான்.
அறுபது, அசையவில்லை.

பன்னீர்ச்செல்வி நால்வரையும் ஏற இறங்கப் பார்த்து
உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.
"பத்தாது. இன்னும் ரெண்டு வாளி குறையுது"
என்று சொல்லி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு,
தானும் ஏறினார்.